வெயில் மாத்திரை

எங்கள் மருந்தாளுநர் சங்கம் இந்த வருடம் மலர் போடுகிறது. நான் உட்கார்ந்திருந்த கவுன்ட்டர் நாற்காலியில் இப்போது உட்காரும் செல்வராணி போன் செய்து, ஒரு கட்டுரை வேண்டும் என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி மருந்தை விளக்கிச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லையாம். அந்த வித்தையை இளையவர்களுக்காக எழுதித் தர வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். பேனாவை எடுத்த பிறகுதான், அவள் கேட்டதை என்னால் எழுத முடியாது என்று தெரிந்தது. இதை மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

எனக்குத் திருத்தங்கல். அப்பா அச்சாபீசில் பட்டாசு லேபிள் வெட்டும் மிஷினில் நின்றவர். மதுரையில் இரண்டு வருடம் பார்மசி டிப்ளமோ படித்தேன். சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் வேலை. பிறகு நாலைந்து மாறுதல்களுக்கு அப்புறம், எங்கள் பக்கத்து ஓர் அரசு மருத்துவமனையில் கடைசிப் பதினேழு வருடம். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

சிவகாசிப் பக்கம் வேலை பார்த்தவன் என்றால் எல்லாரும் கேட்பது வெடி விபத்துக் கதைதான். அதையும் பார்த்திருக்கிறேன். தீக்காயக் களிம்பு டப்பாக்களை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வார்டுக்கு ஓடிய பகல்கள் எத்தனையோ உண்டு. அந்த நாட்களை நினைத்தால் துக்கமாக இருக்கும். ஆனாலும் என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன் என்ற நிம்மதி கூடவே இருக்கும். அந்த நிம்மதி இல்லாத ஒரு சம்பவத்தைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த வித்தையைச் சொல்லிவிடுகிறேன். சாத்தூர்ப் பக்கம் இருந்தபோது ஒரு பெரியவர், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வாங்கிய இரண்டு வெள்ளை மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டு, கைக்கு அகப்பட்டதைப் போட்டு மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு நான் மாத்திரைகளுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தேன். காலையில் போடுவது சேவல் மாத்திரை. இரவில் போடுவது பாய் மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டியது முந்தி மாத்திரை. எங்கள் ஊரில் பெயரும் படமும் இல்லாமல் ஒரு வெடிகூட விலைபோகாது. மருந்தும் பெயரோடு வீட்டுக்குப் போனால்தான் ஞாபகத்தில் நிற்கும் என்பது என் கட்சி. ஜனங்களுக்கும் அது பிடித்துவிட்டது. பக்கத்துக் கவுன்ட்டர் காலியாகக் கிடந்தாலும் என் வரிசையில்தான் வந்து நிற்பார்கள். எனக்கு அதில் பெருமை. தலைக்கனம் என்றே சொல்லலாம்.

எங்கள் மருத்துவமனைக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் சிறுநீரக மருத்துவர் ஒருவர் வருவார். தஞ்சாவூர்க்காரர். நாங்கள் டாக்டரம்மா என்போம். அவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மனசுக்குள் ஐந்து எண்ணி எடுப்பார். பள்ளம் விழுந்தால் அது மறையும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு ஒரே கேள்வி. சிறுநீரில் நுரை வருகிறதா, வந்தால் நிற்கிறதா, உடனே போய்விடுகிறதா? அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். பச்சை மசியில் எழுதுவார். எழுதி முடித்ததும் நோட்டை நோயாளியின் பக்கம் திருப்பி வைப்பார். எழுத்து இங்கிலீஷில் இருக்கும், வந்தவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் திருப்புவார். அவர்களைப் பற்றி எழுதியதை அவர்களுக்குக் காட்டாமல் மூடக்கூடாது என்பது அவருடைய வழக்கம்.

மாரீஸ்வரி அவரிடம்தான் வந்து சேர்ந்தாள். இருபத்துமூன்று வயது. அப்பா இல்லை. அம்மா பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, இவள் பட்டாசுக் கம்பெனியில். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மூட்டு வலி என்று ஆரம்பித்து, கன்னத்தில் செந்தடிப்பு, பிறகு கால் வீக்கம். லூப்பஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உறுப்புகளையே அடிக்கும் வியாதி. அவளுக்கு அது சிறுநீரகத்தை அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஸ்டீராய்டு மாத்திரையும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மாத்திரையும் எழுதினார். வெயில் பட்டால் இந்த வியாதி கிளம்பும் என்பதால் நிழலில் வேலை கொடுக்கச் சொல்லி கம்பெனிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். ஃபோர்மேன் நல்ல மனுஷன். வெடி காயப்போடும் களத்திலிருந்து அவளை எடுத்து, ஷெட்டுக்குள் பேக்கிங்கில் போட்டார். இவற்றோடு டாக்டரம்மா எழுதிய இன்னொன்று, வாரம் ஒன்று வீதம் வைட்டமின் டி மாத்திரை.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தார் ரோடு உருகுகிற ஊரில் வைட்டமின் டி எதற்கு? கூட்டம் கலைந்த ஒரு மதியம் டாக்டரம்மாவிடமே கேட்டேன். இவர்களை வெயிலுக்குப் போகாதே என்று நாமே தடுத்துவிட்டோம், அதனால் அந்தச் சத்து குறையும் என்றார். அதோடு, வைட்டமின் டி எலும்புக்கு மட்டும் இல்லை, எதிர்ப்புச் சக்தியின் முரட்டுத்தனத்தையும் கொஞ்சம் தணிக்கும் என்று சிலர் கண்டிருக்கிறார்கள், சிலருக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை, இன்னும் முடிவாகவில்லை என்றார். போகும்போது ஒன்று சொன்னார்.

"இது துணைக்கு சார். துணையை மட்டும் நம்பிக் கிளம்பினா வழி தவறிடும்."

அவர் சொன்னதில் முதல் பாதியைத்தான் நான் மனசில் வாங்கினேன். வெறும் சத்து மாத்திரை என்று எல்லாரும் நினைப்பதற்குள்ளே இப்படி ஒரு வேலை ஒளிந்திருக்கிறது, அது இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும் தெரியும் என்ற குஷி. அந்த மாத்திரைக்கு வெயில் மாத்திரை என்று பெயர் வைத்தேன். நல்ல பெயர் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனி மாதம் போல இருக்கும். ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்டியிருந்தது. நோய் அடங்கியது. ஆனால் மாரீஸ்வரியின் முகம் உருண்டையாக வீங்கி, கழுத்து தெரியவில்லை. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தாள். ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்கள், கம்பெனி வேனில் ஏறினால் பொம்மை மாதிரி இருக்கிறாய் என்று கேலி செய்கிறார்கள், இந்த ஒரு மாத்திரையை மட்டும் குறைக்க முடியாதா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். எனக்கு அந்தப் பிள்ளையைத் தேற்ற வேண்டும் என்றுதான் இருந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கொஞ்ச நாளையில டாக்டரம்மாவே கொறைப்பாக, பயப்படாத தாயி. இந்தா, இந்த வெயில் மாத்திரையும் அதே வேலையத்தான் பாக்குது. உள்ள நடக்குற சண்டைய இதுவும் அடக்கும்."

"மெய்யாவாண்ணே?" என்றாள்.

"பின்ன? வெயில்ல இருக்குற சத்துதான் இது. நம்ம ஊர்ல ஓசியில கெடைக்குறத மாத்திரையாக்கித் தாராக."

சிரித்தாள். எனக்கும் சந்தோஷம். அடுத்த சீட்டை வாங்கினேன். நான் சொன்னதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாள் என்று திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

வெயிலுக்குப் போகாதே என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் அந்த வெயிலையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள் என்று மருந்து கொடுக்கிறவரே சொல்லிவிட்டாரே. வெயில் கெடுதல் என்றால் அதை ஏன் மாத்திரையாகக் கொடுக்கப் போகிறார்கள்? வாரம் ஒரு மாத்திரையில் அடங்குகிற சண்டை, தினம் களத்தில் நின்றால் இன்னும் நன்றாக அடங்காதா? வெயிலில்தான் திரி காய்கிறது, வெடிக்கான காகிதக் குழாய் காய்கிறது, சரவெடி காய்கிறது. ஒரு நாள் வானம் மூடாக்குப் போட்டால் கம்பெனி முதலாளி முதல் கூலிக்காரி வரை முகம் சுருங்கும் ஊர் இது. வெயிலைச் சந்தேகப்பட எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஃபோர்மேனிடம் உடம்பு தேவலை என்று சொல்லிக் களத்து வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஸ்டீராய்டை நிறுத்தினாள். இன்னொரு மாத்திரையையும் நிறுத்தினாள். வெயில் மாத்திரையை மட்டும் வாரம் தவறாமல் போட்டாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பின்னால்தான் தெரிந்தது என்று எழுதுவதுகூட முழு உண்மை இல்லை. தீபாவளி சீசனில் லீவு கிடைக்கவில்லை என்று புதன்கிழமைகளைத் தவறவிட்டவள், ஒரு சனிக்கிழமை மருந்துக்கு மட்டும் வந்தாள். துப்பட்டா இல்லை. முகம் பழையபடி ஆகியிருந்தது, கொஞ்சம் கறுத்திருந்தது.

"மொகம் வத்திருச்சு பாத்தீகளாண்ணே" என்றாள்.

பார்த்தேன். நல்லது தாயி என்றேன். ஸ்டீராய்டு அட்டையை எடுத்து வைத்தபோது, அது வீட்டில் கிடக்கிறது, வேண்டாம் என்று தள்ளினாள். டாக்டரம்மா குறைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டில் குறைத்ததாக எழுத்து எதுவும் இல்லை. மருந்து படித்தவனுக்கு அந்த வற்றிய முகம் ஒன்றே போதும், கேட்டிருக்க வேண்டும். எனக்கோ என் பேச்சால் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறது என்ற நினைப்பு. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சரி சொல்லிவிட்டார்கள், தை மாதம் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் அவளைக் கம்பெனி வேனிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு காலும் தூண் மாதிரி. மூச்சு வாங்கியது. ரத்தக்கொதிப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. நல்ல வேளையாக அன்று புதன்கிழமை. மூன்று நாள் சொட்டு மருந்தாக ஏற்ற வேண்டிய ஊசி மருந்து என் ஸ்டோரில் இருந்தது. யாரையும் அனுப்பாமல் நானே தட்டில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். டாக்டரம்மா அவள் காலில் விரலை அழுத்தி ஐந்து எண்ணி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. தலைமாட்டில் பேச்சியம்மாள் நின்றார். கால்மாட்டில் தட்டோடு நான்.

மருந்தை நிறுத்தினாயா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். எப்போதிருந்து என்று கேட்டார். சொன்னாள். டாக்டரம்மாவின் குரல் இறங்கியது.

"யார் நிறுத்தச் சொன்னது?"

மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் தட்டில் இருந்த மருந்துக் குப்பிகளைப் பார்த்தேன். மூன்று குப்பிகள். மூன்றையும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் நிறுத்துனேன்" என்றாள்.

டாக்டரம்மா எழுதினார். எழுதி முடித்து, வழக்கம்போல நோட்டை அவள் பக்கம் திருப்பினார். அவளுக்கு அந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். 'மருந்தைத் தானாக நிறுத்திய நோயாளி' என்று பச்சை மசியில் ஒரு வரி.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று செல்வராணி கேட்பாள். பயம். தலைமை மருந்தாளுநர் பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம், விளக்கம் கேட்டு மெமோ வந்தால் என்ன ஆவது என்ற பயம். பேசிப் பேசியே பேர் வாங்கியவனுக்குப் பேச வேண்டிய இடத்தில் நாக்கு எழவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போயிற்று. என் வாயால் கெட்டது வேறொருத்தி.

ஊசி மருந்து அவள் உயிரைக் காப்பாற்றியது. சிறுநீரகத்தைக் காப்பாற்றவில்லை. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் என்று ஆனது. கல்யாணம் நின்றது.

பேச்சியம்மாள் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்றார். பரிசோதனையில் பொருந்தியது. நோய் அடங்கியதும் மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதினார்கள். அங்கே பழைய நோட்டைப் புரட்டினார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் ஆயுசுக்கும் மருந்து நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். தானாக மருந்தை நிறுத்துகிற பெண்ணை நம்பி அம்மாவை அறுப்பதா என்று யோசித்தார்கள். அவர்கள் யோசித்ததில் தப்பு இல்லை. ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். அப்புறம் இன்னும் ஆறு மாதம் என்றார்கள். வரும்போதெல்லாம் பேச்சியம்மாள் என் கவுன்ட்டரில் நின்று, இந்தத் தடவை சரி சொல்லிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வரியை மாற்ற நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன்.

இரண்டாவது வருடம் ஒரு நாள் பேச்சியம்மாள் கவுன்ட்டரில் சீட்டை நீட்டினார். மகளுடைய சீட்டு என்று வாங்கினேன். அவருடைய சீட்டு. சர்க்கரை மாத்திரை எழுதியிருந்தது. மதுரையில் மறுபடி சோதித்தபோது தெரிந்ததாம். சர்க்கரை வந்துவிட்டதால் இனி அவர் சிறுநீரகம் கொடுக்க முடியாது. அதை அவர் அழாமல், ஏதோ பஸ் போய்விட்டது என்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு, இந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று கேட்டார்.

சாப்பிட்ட பிறகு என்றேன். அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த மருந்துக்கும் பெயர் வைக்கவில்லை. யாரும் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

பதவி உயர்வு வந்தது. போன வருடம் ஓய்வும் பெற்றேன். சால்வை போட்டார்கள். நான் எளிய மக்களின் மொழியில் மருத்துவம் பேசியவன் என்று ஒருவர் மைக்கில் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிட முடியவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதை எதுக்கு சார் இப்ப சொல்றீங்க?" என்றார். குரல் இறங்கித்தான் இருந்தது.

பிறகு அவரே, மதுரைக்கு எழுதுகிறேன், அந்த வரியைத் திருத்தச் சொல்கிறேன் என்றார். திருத்தினால் பொதுப் பட்டியலில் பதிந்து காத்திருக்கலாம், எத்தனை வருடம் என்று தெரியாது என்றார். அம்மாவின் சிறுநீரகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

செல்வராணி போன் செய்த மறுநாள், டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். மாரீஸ்வரி ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் ஊசி ஏறிய இடம் கயிறுபோலப் புடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். நான் சொன்ன வார்த்தை தப்பு, வற்றிய முகத்தைப் பார்த்தும் கேட்காதது தப்பு, டாக்டரம்மாவிடம் சொல்லாதது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றினாயே, அதை நினைக்காத நாள் இல்லை என்றும் சொன்னேன். இத்தனை வருடமும் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் மிஷினில் ரத்தம் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் எங்கண்ணே காப்பாத்துனேன்? டாக்டரம்மா கேக்கையில ஒங்களத்தான பாத்தேன். நீங்க சொல்லுவீகன்னுதான் பாத்தேன். நீங்க தட்டத்தப் பாத்துக்கிட்டே நின்னீக. ஒங்களால சொல்ல முடியல போலன்னுதான் நானாத்தான்னு சொன்னேன்."

அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தையையும் அவளே சுமக்க வேண்டுமா என்று தோன்றியதால் சொல்லவில்லை.

"அம்மா வெளியதான் இருக்கு" என்றாள். "இன்னிய வரைக்கும் நான்தான் மருந்த நிறுத்திக் கெடுத்துக்கிட்டேன்னு ஏசிக்கிட்டு இருக்கு. நீங்களே சொல்லிருங்கண்ணே."

எழுந்து வெளியே போனேன். பேச்சியம்மாள் வராந்தா பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தூக்குவாளியைக் கீழே இறக்கி வைத்து, முந்தானையால் பெஞ்சைத் துடைத்து இடம் விட்டார்.

"வாங்கய்யா, உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.